கடன் வாங்கிய சேனை

ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. நாலாவது அங்கம், மூன்றாவது காட்சி. கல்லூரியில் எனக்கு இந்த நாடகம் பாடமாக இருந்தது. சூனியக்காரிகளுக்கு மூன்று நாளும் டங்கன் கொலைக்கு ஒரு வாரமும் செலவிட்ட ஆசிரியர், இந்தக் காட்சி வந்ததும் பக்கங்களை ஒரு விரலால் புரட்டிவிட்டு, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், பரீட்சையில் வராது" என்றார். பரீட்சையில் வரவில்லை. நான் வீட்டில் படிக்கவும் இல்லை. மேடையில் போடுகிறவர்களும் கத்தரிக்கோலை எடுத்தால் முதலில் இங்கேதான் வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரத்தமும் இருட்டும் ஆவியும் நிறைந்த நாடகத்தின் நடுவே, இரண்டு பேர் இங்கிலாந்து அரண்மனை வாசலில் நின்றுகொண்டு நல்ல அரசன் யார், கெட்ட அரசன் யார் என்று தர்க்கம் செய்தால் யாருக்குப் பொறுமை இருக்கும்?

நானும் சில நாவல்கள் எழுதி, பாத்திரங்களோடு மல்லுக்கட்டி, தோற்றுப் பழகிய பிறகுதான் அந்தக் காட்சியை முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். படித்து முடித்ததும் இரண்டு விஷயங்கள் தோன்றின. நாடகத்தின் முடிவு முழுவதும் இந்தக் காட்சியின் தோளில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த மகாகவி நம் கண்ணில் மண்ணைத் தூவியிருப்பதும் இங்கேதான்.

கதையைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். பம்மல் சம்பந்த முதலியார் 'மகபதி' என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்த கதைதான். ஸ்காட்லாந்தின் அரசன் டங்கன் விருந்துக்கு வந்த இடத்தில், அவன் தூங்கும்போது கொன்றுவிட்டு மாக்பெத் சிம்மாசனம் ஏறுகிறான். டங்கனின் பிள்ளைகள் இருவரும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள். மூத்தவன் மால்கம் இங்கிலாந்துக்குப் போகிறான். இளையவன் டொனால்பெயின் அயர்லாந்துக்குப் போகிறான். இங்கிலாந்தின் அரசன் அப்போது எட்வர்டு. பக்திமான் என்று பெயர் வாங்கியவன். அவனுடைய நிழலில் மால்கம் தங்கியிருக்கிறான். அங்கே ஸ்காட்லாந்துப் பிரபு மாக்டஃப் வந்து சேருகிறான். நாடு நாசமாகிறது, வந்து மீட்டுக்கொள் என்று கூப்பிடுகிறான்.

மால்கமுக்குச் சந்தேகம். வந்தவன் மாக்பெத் அனுப்பிய ஆளாக இருந்தால்? ஆகவே தன்னைத் தானே கேவலமாகச் சொல்லிக்கொண்டு அவனைச் சோதிக்கிறான். எனக்குப் பெண்பித்து அதிகம் என்கிறான். மாக்டஃப் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதைச் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறான். எனக்குப் பேராசை, பிரபுக்களின் நிலத்தையெல்லாம் பிடுங்கிக்கொள்வேன் என்கிறான். அது இன்னும் கெடுதல்தான், ஆனாலும் ஸ்காட்லாந்தில் செல்வத்துக்குப் பஞ்சமில்லை என்கிறான் மாக்டஃப். அரசனுக்கு வேண்டிய நற்குணம் ஒன்றுகூட என்னிடம் இல்லை என்று சொன்ன பிறகுதான் அவன் மனம் உடைகிறது. இனி என் நாட்டுக்கு விமோசனமே இல்லை என்று புலம்புகிறான். உடனே மால்கம், நான் சொன்னதெல்லாம் பொய், நான் பெண்ணையே அறியாதவன், என் வாழ்வில் நான் சொன்ன முதல் பொய்யே இதுதான் என்று அத்தனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறான். அடுத்த மூச்சில், நீ வருவதற்கு முன்பே கிழவன் சிவார்டு பத்தாயிரம் வீரர்களோடு புறப்படத் தயாராகிவிட்டான் என்றும் சொல்கிறான். சிவார்டு, இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பிரியாவை ஆண்ட பிரபு.

மால்கம் படித்த அந்தக் குற்ற ஜாபிதாவை மறுபடியும் பாருங்கள். காமம் இருக்கிறது. பேராசை இருக்கிறது. சண்டை மூட்டுகிற புத்தி இருக்கிறது. ஒரு குறை மட்டும் ஜாபிதாவில் ஏறவில்லை. அவன் நிற்பது அந்நிய அரசனுடைய வாசல். அவன் பின்னால் நிற்பது அந்நிய அரசனுடைய சேனை. மற்றக் குறைகளெல்லாம் பொய். சொல்லாமல் விட்ட இது ஒன்றுதான் நிஜம். பெண்பித்தைச் சகிப்பாயா, பேராசையைச் சகிப்பாயா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறவன், பத்தாயிரம் இங்கிலீஷ்காரர்கள் உன் நாட்டில் கால் வைப்பதைச் சகிப்பாயா என்று கேட்கவில்லை. மாக்டஃபும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் ஒரு படி அரிசி கைமாற்றுக் கொடுத்தாலே, திருப்பித் தரும்போது தலைதட்டிக் கொடுப்பதா, குவித்துக் கொடுப்பதா என்று நாம் யோசிக்கிறோம். பத்தாயிரம் பேர் கொண்ட சேனையை ஓர் அரசன் இன்னோர் அரசனின் மகனுக்குக் கொடுக்கிறான். வட்டி என்ன என்று நாடகத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அவர்கள் வாய் திறக்காதபடி ஷேக்ஸ்பியர் பார்த்துக்கொள்கிறான். அந்தச் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். எட்வர்டு அரசனை அவன் மேடைக்கே கொண்டுவருவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு வைத்தியன் வருகிறான். உள்ளே நோயாளிகள் காத்திருக்கிறார்கள், அரசன் கையால் தொட்டதும் நோய் குணமாகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறான். கண்டமாலை என்று நாம் சொல்கிற கழுத்து வீக்கம் அரசனின் கை பட்டால் போய்விடும் என்று இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். ஆக, சேனை கொடுத்த அரசன் சேனாதிபதியாக நம் முன் நிற்கவில்லை. வைத்தியனாக, கண்ணுக்குத் தெரியாமல், திரைக்குப் பின்னால் நிற்கிறான். அடுத்து, சிவார்டு மால்கமுக்கு மாமன் என்று பிறகு ஒரு வார்த்தை வருகிறது. மாமன் மருமகனுக்குச் சீர் கொண்டுவருகிற மாதிரி பத்தாயிரம் பேரும் வந்துவிடுகிறார்கள். சீருக்கு வட்டி கேட்பார்களா?

ஐந்தாம் அங்கத்திலும் இந்த வைத்தியப் பேச்சு தொடருகிறது. மாக்பெத்தை விட்டு வெளியேறிய பிரபுக்கள், நோயுற்ற நாட்டுக்கு மால்கம்தான் மருந்து என்று பேசிக்கொள்கிறார்கள். அதற்கு அடுத்த காட்சியிலேயே, கோட்டைக்குள் அடைபட்ட மாக்பெத் தன் வைத்தியனைப் பார்த்து, இந்த இங்கிலீஷ்காரர்களை நாட்டிலிருந்து வெளியேற்ற ஏதாவது பேதி மருந்து இருக்கிறதா என்று கேட்கிறான். ஒரு பக்கத்துக்கு மருந்தாக இருப்பது இன்னொரு பக்கத்துக்கு வயிற்றில் சேர்ந்த அழுக்கு. அந்நிய சேனையை அந்நிய சேனை என்று கசப்போடு சொல்கிற வாய் நாடகம் முழுவதிலும் மாக்பெத்தின் வாய் ஒன்றுதான். அவனோ கொலைகாரன், பெண்ணையும் பிள்ளையையும் வெட்டச் சொன்னவன். அவன் சொன்னால் யார் காதில் ஏறும்? கேட்க வேண்டிய கேள்வியை, கேட்கத் தகுதியில்லாதவன் வாயில் வைத்துவிட்டால், கேள்வியும் அவனோடு செத்துப்போகிறது. கதை எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த தந்திரம் இது. நானும் செய்திருக்கிறேன்.

இந்த இடத்தில் கம்பன் நினைவு வராமல் போகாது. விபீஷணனும் சிம்மாசனத்துக்கு உரிமை பெற அயலான் சேனையோடு வந்தவன்தான். அதைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கம்பன் இராவணன் வாயோடு விட்டுவிடவில்லை. கும்பகருணன் வாயிலும் வைத்தான். தம்பி வந்து அழைக்கிறான், அண்ணன் மறுக்கிறான். இராவணன் செய்தது தவறு என்று கும்பகருணனுக்கு நன்றாகத் தெரியும். இராமன் பக்கம் தர்மம் இருக்கிறது என்பதும் தெரியும். தெரிந்தும், சோறு போட்டு வளர்த்தவனுக்காக உயிரை விடப் போகிறேன், நீ உன் வழியில் போய் நன்றாக இரு என்று தம்பியை அனுப்பிவைக்கிறான். அதற்குப் பிறகு விபீஷணன் முடி சூடினாலும், அந்த முடியின் கனம் நமக்குத் தெரிகிறது. மாக்பெத்தில் ஒரு கும்பகருணன் இல்லை. ஆகவே மால்கமின் முடிக்குக் கனமும் இல்லை.

மால்கம் பாத்திரம் உயிரில்லாமல் இருப்பதற்குப் பலர் பல காரணம் சொல்வதுண்டு. நல்லவர்களை ஸ்வாரஸ்யமாகப் படைப்பது கஷ்டம் என்பது வழக்கமான சமாதானம். நான் ஒப்பமாட்டேன். கார்டீலியா நல்லவள், கெண்ட் நல்லவன், டெஸ்டிமோனா நல்லவள். அவர்களை மறக்க முடிகிறதா? அவர்கள் தங்கள் நன்மைக்கு விலை கொடுத்தவர்கள். மாக்பெத் நாடகமே ஒரு கணக்குப் புத்தகம். ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே வரவு எழுதியிருக்கிறது. கிரீடத்துக்கு மாக்பெத் தூக்கத்தை விலையாகக் கொடுக்கிறான். அவன் மனைவி கையைக் கழுவிக் கழுவியே பைத்தியமாகிறாள். பாங்கோ மனத்துக்குள் ஆசையை வைத்துக்கொண்டு வாயை மூடியதற்கு உயிரைக் கொடுக்கிறான். மாக்டஃப் வீட்டைக் காவல் இல்லாமல் விட்டுவந்ததற்கு மனைவி மக்களைக் கொடுக்கிறான். கிழவன் சிவார்டுகூட மகனைக் கொடுக்கிறான். காயம் மார்பில் பட்டதா, முதுகில் பட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு மனத்தைத் தேற்றிக்கொள்கிறான். மால்கம் என்ன கொடுத்தான்? தகப்பனை இழந்தது பழைய கதை. கிரீடத்துக்காக அவன் ஒன்றும் கொடுக்கவில்லை. அவனுடைய சீட்டை மட்டும் ஆசிரியன் கிழித்துப்போட்டுவிட்டான். சீட்டில்லாத பாத்திரம் நிழலாகத்தான் இருக்கும்.

அந்தக் கிழிந்த சீட்டைத் தேடிக்கொண்டு நான் சரித்திரத்துக்குப் போனேன்.

சரித்திரத்தில் டங்கன் நரைத்த கிழவன் அல்ல, வயதில் சிறியவன். அவன் படுக்கையில் சாகவும் இல்லை. 1040 ஆகஸ்டில், எல்கின் நகருக்கு அருகே பிட்காவெனி என்ற இடத்தில் மாக்பெத்தின் ஆட்களோடு நடந்த சண்டையில் செத்தான். மால்கம் அப்போது சிறுவன். மாக்பெத் பதினேழு வருஷம் ஆண்டான். 1050-இல் ரோமாபுரிக்கு யாத்திரை போய், அங்கே ஏழைகளுக்குப் பணத்தை வாரி இறைத்தான் என்று அந்தக் காலத்து ஐரிஷ் துறவி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். சிம்மாசனம் ஆடிக்கொண்டிருக்கிறவன் அதைக் காலியாக விட்டுவிட்டு அத்தனை தூரம் போவானா? ஷேக்ஸ்பியர் கையில் வைத்துக்கொண்டு எழுதிய ஹாலின்ஷெட்டின் சரித்திரமும், முதல் பத்து வருஷம் மாக்பெத் நன்றாகவே ஆண்டான் என்றுதான் சொல்கிறது. அந்தப் பத்து வருஷத்தை நாடகம் விழுங்கிவிட்டது.

1054-இல் சிவார்டு தரை வழியாகவும் கடல் வழியாகவும் சேனை கொண்டுபோய் மாக்பெத்தைத் தோற்கடித்தான். இரண்டு பக்கமும் பெருஞ் சேதம். சிவார்டின் மகனும் அவன் சகோதரியின் மகனும் அங்கே விழுந்தார்கள். எட்வர்டு அரசனின் உத்தரவுப்படி, கம்ப்ரியர்களின் அரசனுடைய மகனான மால்கம் என்பவனைச் சிவார்டு அரசனாக்கினான் என்று, அடுத்த நூற்றாண்டில் எழுதிய இங்கிலீஷ்த் துறவி ஒருவர் குறித்திருக்கிறார். இந்த மால்கம் டங்கன் மகன்தான் என்று நெடுங்காலம் எல்லோரும் எழுதிவந்தார்கள். அண்மைக் காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் சிலர் அதை ஒப்புவதில்லை. இவன் வேறு ஆள், ஸ்காட்லாந்தின் தென்மேற்கே இருந்த கம்ப்ரிய ராஜ்யத்தைச் சேர்ந்தவன் என்கிறார்கள். யார் கட்சி சரியோ, எனக்கு இதில் ஒரு விஷயம் உறைத்தது. அரசனாக்கியவன் பெயர் தெரிகிறது. உத்தரவு போட்டவன் பெயர் தெரிகிறது. நாள், சேனை, செத்தவர்கள் எல்லாம் தெரிகிறது. அரசனான ஆள் யார் என்பதுதான் வழக்கில் இருக்கிறது. இரவல் சேனையோடு வந்தவனுக்குச் சரித்திரம் வைத்த இடம் அவ்வளவுதான்.

அந்த ஒரு யுத்தத்தோடு மாக்பெத் தீர்ந்துபோகவும் இல்லை. இன்னும் மூன்று வருஷம் ஆண்டு, 1057 ஆகஸ்டில் லம்ஃபனன் என்ற இடத்தில் டங்கன் மகன் மால்கமின் கையால் மாண்டான். சிவார்டு அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1055-லேயே யார்க் நகரத்தில் இறந்துவிட்டான். மாக்பெத் போன பிறகும் அவன் பக்கத்தார் உடனே மால்கமிடம் வந்துவிடவில்லை. மாக்பெத்தின் மனைவிக்கு முதல் தாரத்தில் பிறந்த லூலாக்கை அரசனாக்கினார்கள். அவனையும் 1058 மார்ச்சில் கொன்ற பிறகுதான் மால்கமுக்குப் போட்டி ஒழிந்தது. நாடகத்தில் ஒரே பிற்பகலில் முடிகிற காரியம் இது.

கடன்சீட்டு எப்போது வந்தது? ஒரு தலைமுறை கழித்து வந்தது. இங்கிலாந்தில் சாக்ஸன் வம்சம் போய் நார்மன் வம்சம் வந்தது. 1072-இல் வில்லியம் ஸ்காட்லாந்துக்குள் படையெடுத்து அபர்னெதி வரை வந்தான். மால்கம் அவனுக்குப் பணிந்தான். தன் மூத்த மகன் டங்கனைப் பிணையாகவும் அனுப்பினான். பாட்டன் பெயரைச் சுமந்த அந்தப் பிள்ளை அந்நிய அரண்மனையிலேயே வளர்ந்தான். 1093 நவம்பரில் மால்கம் மறுபடியும் இங்கிலாந்தில் புகுந்து, ஆல்ன்விக் அருகே கொல்லப்பட்டான். உடனே ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? மால்கமின் தம்பி டொனால்டை. நாடகத்தில் டொனால்பெயின் என்று வந்து, அயர்லாந்துக்குப் போய், திரும்பி வராமல் போகிறானே, அவனேதான். அவன் பட்டத்துக்கு வந்ததும், அண்ணனைச் சுற்றியிருந்த இங்கிலீஷ்காரர்களை ஊரைவிட்டுத் துரத்தினார்கள்.

டங்கன் அப்போது இங்கிலாந்தில் இருந்தான். 1094-இல் அங்கே ஆண்ட வில்லியம் ரூஃபஸுக்கு விசுவாசப் பிரமாணம் செய்துகொடுத்து, இங்கிலீஷ், பிரெஞ்சு வீரர்களைத் திரட்டிக்கொண்டு போய்ச் சிற்றப்பனை விரட்டிவிட்டு முடிசூடினான். சில மாதம்கூட ஆகவில்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் எழுந்து அவனோடு வந்தவர்களில் பெரும்பாலோரை வெட்டிப்போட்டார்கள். அவனைக் கொல்லவில்லை. அவனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நீ அரசனாக இருக்கலாம். ஆனால் இனிமேல் ஓர் இங்கிலீஷ்காரனையோ பிரெஞ்சுக்காரனையோ இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அவன் சம்மதித்தான். அந்த வருஷம் நவம்பரிலேயே அவனைக் கொன்றார்கள். டொனால்டு மறுபடியும் அரசனானான். 1097-இல் ரூஃபஸின் ஆதரவோடு இன்னொரு சேனை வடக்கே வந்து, டங்கனின் தம்பி எட்கரைச் சிம்மாசனத்தில் ஏற்றியது. டொனால்டின் கண்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

எனக்கு அந்த 1094-ஆம் வருஷத்து ஒப்பந்தம் மறக்கவே மாட்டேன் என்கிறது. ஒரு மனிதன். பிள்ளைப்பிராயத்தில் தகப்பனே அவனைப் பிணையாகக் கொடுத்துவிட்டான். அவன் பேசிப் பழகியது அந்நிய பாஷை. கூட உண்டு உறங்கிய தோழர்கள் அந்நியர்கள். அந்தத் தோழர்கள் இல்லாவிட்டால் சிம்மாசனத்தில் ஏற முடியாது. அவர்கள் இருந்தால் சிம்மாசனத்தில் இருக்க விடமாட்டார்கள். அவர்களில் முக்கால்வாசிப்பேர் வெட்டுண்டு கிடக்க, மீதிப்பேரை அனுப்பிவிட்டு, தன்னைச் சுற்றி நிற்கும் முகங்களைப் பார்த்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கிறான். மால்கமுக்கு ஷேக்ஸ்பியர் எழுதாமல் விட்ட காட்சி இதுதான். இதை அவன் எழுதியிருந்தால் மால்கமும் மாக்பெத்துக்குச் சமமாக நம் தூக்கத்தைக் கெடுத்திருப்பான்.

ஒரு குடும்பத்தின் துரதிர்ஷ்டம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இருநூறு வருஷத்துக்கு மேல் கழித்து, எட்வர்டு பேலியல் என்று ஒருவன் வந்தான். அவன் தகப்பன் ஜான் பேலியலை இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்டு 1292-இல் ஸ்காட்லாந்துக்கு அரசனாகத் தீர்ப்புச் சொல்லி உட்காரவைத்து, 1296-இல் அவன் அங்கியிலிருந்த ராஜ சின்னத்தைக் கிழித்து இறக்கிவிட்டான். 'வெற்று அங்கி' என்பதே ஜானுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. மகனுக்கு மூன்றாம் எட்வர்டின் ஆதரவு கிடைத்தது. 1332 ஆகஸ்டில் கடல் வழியாக வந்து இறங்கி, டப்ளின் மூர் யுத்தத்தில் தன்னைவிடப் பெரிய சேனையை முறியடித்து, செப்டம்பரில் ஸ்கோன் நகரில் முடிசூடினான். டிசம்பரில் ஓர் இரவு ஆனன் என்ற ஊரில் எதிரிகள் அவனைச் சூழ்ந்துகொண்டபோது, அரைகுறை உடையோடு குதிரையேறி இங்கிலாந்துக்கு ஓடினான். அடுத்த வருஷம் மூன்றாம் எட்வர்டே நேரில் வந்து ஹாலிடன் குன்றில் ஜெயித்து அவனைத் திரும்ப உட்காரவைத்தான். உடனே வட்டி கேட்டான். பெர்விக், ராக்ஸ்பரோ, எடின்பரோ உட்படத் தெற்குச் சீமைகளை 1334-இல் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. பாதி நாட்டை எழுதிக்கொடுத்தவனை மீதி நாடு அரசன் என்று மதிக்குமா? கடைசியில் 1356 ஜனவரியில், ராக்ஸ்பரோவில், ஒரு பிடி ஸ்காட்லாந்து மண்ணையும் தன் கிரீடத்தையும் மூன்றாம் எட்வர்டிடம் கொடுத்து உரிமையைக் கைவிட்டான். பதிலுக்கு வருஷத்துக்கு இரண்டாயிரம் பவுன் பென்ஷன். பென்ஷன் வாங்கிக்கொண்டு இங்கிலாந்திலேயே 1364-இல், வாரிசில்லாமல், கண்ணை மூடினான்.

அவனோடு போட்டியிட்ட சிறுவன் இரண்டாம் டேவிட்டும் அந்த வருஷங்களில் பிரெஞ்சு அரசனின் ஆதரவில் பிரான்ஸில்தான் வளர்ந்தான். நியாயம் ஒரு பக்கம் மட்டும் இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. யார் பக்கம் இருந்தாலும் சீட்டு உண்டு என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவும் ஷேக்ஸ்பியருக்குத் தெரியாதா? ஹாலின்ஷெட்டின் பக்கங்களிலேயே பிற்காலத்துக் கதையும் இருந்தது. ஆனால் அவன் இந்த நாடகத்தை எழுதியது சுமார் 1606-இல். 1603-இல் ஸ்காட்லாந்து அரசன் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனாகிவிட்டான். ஷேக்ஸ்பியரின் நாடகக் கோஷ்டியே அரசனுடைய கோஷ்டி என்று பெயர் பெற்றிருந்தது. ஜேம்ஸ் மால்கமின் வழியில் வந்தவன். பாங்கோவின் வழியில் வந்தவன் என்றும் அப்போது நம்பினார்கள். ஹாலின்ஷெட்டில் பாங்கோ கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவனைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டான். இரண்டு நாட்டையும் ஒன்றாக்கிவிடத் துடிக்கிற அரசன் முன்னால், இங்கிலீஷ் சேனை எல்லை தாண்டுவது ஆபத்து என்று எந்த நாடகக்காரன் சொல்வான்? வயிற்றுப் பிழைப்பு யாரை விட்டது!

ஆனாலும் மகாகவி மகாகவிதான். சீட்டைக் கிழித்தவன் துண்டுகளை அங்கங்கே விட்டுவைத்திருக்கிறான். ஐந்தாம் அங்கத்தில் ஒரு பிரபு, டொனால்பெயின் அண்ணனோடு வந்திருக்கிறானா என்று கேட்கிறான். நிச்சயமாக இல்லை என்று பதில் வருகிறது. கதைக்கு அந்தக் கேள்வி வேண்டியதே இல்லை. தம்பி ஏன் வரவில்லை என்று யாரும் சொல்வதுமில்லை. 1971-இல் இதைச் சினிமாவாக எடுத்த ரோமன் போலான்ஸ்கி அந்தத் துண்டைக் கண்டெடுத்துவிட்டார். அவர் படத்தின் கடைசியில் டொனால்பெயின் சூனியக்காரிகளைத் தேடிப் போகிறான்.

இன்னொரு துண்டு நாடகத்தின் கடைசிப் பேச்சிலேயே கிடக்கிறது. வெற்றி பெற்ற மால்கம் தன் பிரபுக்களுக்குச் செய்கிற முதல் மரியாதை என்ன? இதுவரை 'தேன்' என்று ஸ்காட்லாந்துப் பட்டம் சுமந்தவர்களை, இந்நாட்டில் முதல் முதலாக, இங்கிலீஷ் முறைப்படி 'ஏர்ல்' ஆக்குகிறான். ஹாலின்ஷெட்டில் இது ஒரு செய்தி. நாடகத்தில் இது கொண்டாட்டம். எல்லோரும் ஆரவாரம் செய்கிறார்கள். புதிய அரசன் தன் ஆட்களுக்குக் கொடுக்கும் முதல் கூலி அயல்நாட்டு நாணயத்தில் இருக்கிறது. ஆசிரியன் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்ற விசாரணைக்கு நான் போகவில்லை. இருட்டு நாடகத்தின் முடிவில் பொழுது விடிகிற சந்தோஷத்தோடு அந்தப் பேச்சை நான் எத்தனையோ தடவை படித்ததுண்டு. இப்போது படித்தால் சந்தோஷம் முழுமையாக வரமாட்டேன் என்கிறது. அதனால் நாடகம் எனக்குச் சிறிதாகிவிடவில்லை. அந்தக் கடைசிப் பக்கத்துக்குத்தான் புதிதாக ஓர் ஆழம் வந்திருக்கிறது.

என் நாவல் ஒன்றில் அண்ணன்மார் ஏமாற்றிய ஒரு விதவை வருகிறாள். முந்நூறு பக்கம் அவளைக் கஷ்டப்படுத்திய பிறகு எனக்கே தாங்கவில்லை. பம்பாயிலிருந்து ஒரு மாமாவை வரவழைத்தேன். அவர் ரயிலைவிட்டு இறங்கி, வக்கீலுக்குப் பணம் கட்டி, வீட்டை மீட்டு அவள் கையில் கொடுத்தார். சுபம். பத்திரிகையில் முடிந்த வாரம், பாராட்டிப் பல கடிதங்கள் வந்தன. ஒரே ஒரு வாசகி மட்டும், ஒரு கார்டில் நாலு வரி எழுதியிருந்தார்: "கதை நன்றாக இருந்தது. மாமா வீட்டை மீட்டுக் கொடுத்த பிறகு அங்கேயே தங்கினாரா, ஊருக்குப் போனாரா? தங்கியிருந்தால் அந்த வீட்டில் சாவி யார் இடுப்பில் இருந்தது?"

நான் பதில் எழுதவில்லை. மாமாவை ரயிலிலிருந்து இறக்கியபோது அந்தச் சாவியைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை.

'மாக்பெத்' உங்கள் வீட்டு அலமாரியில் இருந்தால், இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். நாலாவது அங்கம், மூன்றாவது காட்சி. பரீட்சையில் வராது, ஆனால் படியுங்கள். இருவரும் பேசி முடித்துப் புறப்படுகிற இடத்தில், பத்தாயிரம் பேரையும் கொடுத்த அரசனிடம் விடைபெற்றுக்கொள்ளப் போகிறார்கள். அந்த விடைபெறும் காட்சி நாடகத்தில் இல்லை. அதில் அரசன் என்ன கேட்டிருப்பான், மால்கம் என்ன சொல்லியிருப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள்.